கிரேட்ஃபுல் டெட்: ஒதுக்கி வைத்த இசைக்குழுவை மறுபடி கேட்க ஒரு முழுமையான வழிகாட்டி

கிரேட்ஃபுல் டெட் என்றதும் முகம் சுளிப்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் குழுவை ஒரு தடவையாவது கேட்டுப் பார்த்தவர்கள்தான். யாரோ ஒரு ரசிகர் ஆஹா ஓஹோ என்று புகழ்ந்திருப்பார். நம்பி ஒரு பாட்டைப் போட்டால் இருபது நிமிடம் ஓடியும் எங்கேயும் போய்ச் சேராத மாதிரி இருந்திருக்கும். பாடுகிறவர் சுருதியை விட்டு நழுவியிருப்பார். "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று நிறுத்தியிருப்பீர்கள். அந்தத் தீர்ப்பில் அநியாயம் எதுவும் இல்லை. கேட்டது அவ்வளவுதான் என்றால் அப்படித்தான் தோன்றும்.

ஆனால் ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற கணக்கு இந்தக் குழுவிடம் செல்லாது. 1965இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் தொடங்கி 1995 வரை ஏறக்குறைய 2,300 கச்சேரிகள் செய்தார்கள். அந்த முப்பது வருடத்தில் ஸ்டுடியோவில் செய்த ஆல்பங்கள் வெறும் 13. அமெரிக்காவின் முதல் பத்துப் பாட்டுகளுக்குள் நுழைந்தது ஒன்றே ஒன்று, அதுவும் 1987இல், 9ஆம் இடம். சரக்கு முழுவதும் மேடையில்தான் இருந்தது. மேடையிலோ ஒவ்வொரு இரவும் பாட்டு வரிசை மாறும். ஒரே பாட்டு ஒரு நாள் பறக்கும், மறுநாள் படுத்துவிடும். எந்தப் பாட்டைக் கேட்டீர்கள் என்பதைவிட எந்த இரவைக் கேட்டீர்கள் என்பதுதான் இங்கே பேச்சு. மறுபடி கேட்க நினைப்பவர் வாசலை மாற்றி நுழைய வேண்டும். அதற்கான வழியைத்தான் கீழே சொல்லியிருக்கிறேன்.

படி 1: எதைக் கேட்டு ஒதுக்கினீர்கள் என்று பாருங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். காரணம் தெரிந்தால்தான் மருந்து தெரியும்.

மண்டை ஓட்டுப் படம் போட்ட டி-ஷர்ட்டைப் பார்த்து, பெயரையும் பார்த்து, ஹெவி மெட்டல் என்று நினைத்து வந்தவர்கள் ஒரு வகை. உள்ளே வந்தால் கிராமிய வாசனையோடு பாஞ்சோ காலத்துப் பாட்டு கேட்கும். இவர்களுக்குச் செய்ய வேண்டியது சுலபம்: எதிர்பார்ப்பைக் கழற்றி வைத்துவிட்டு நேராகப் படி 3க்குப் போகலாம்.

நீளம் தாங்காமல் போனவர்கள் இரண்டாவது வகை. இவர்களில் பலர் தற்செயலாக ஏதோ ஒரு நீண்ட வாசிப்பின் நட்டநடுவில் போய் விழுந்தவர்கள். செயலிகள் தானாகப் பாட்டு எடுத்துப் போடுகிற காலத்தில் இது அடிக்கடி நடக்கிறது. இவர்களுக்குப் படி 4 முக்கியம்.

மூன்றாவது, குரல். குழுவின் முதன்மைக் கிட்டார் கலைஞரும் பாடகருமான ஜெரி கார்சியாவின் குரல் மெலிதானது, சில இரவுகளில் உடைந்துபோகும். 1970களின் பதிவுகளில் குழுவின் பாடகி டான்னா காட்ஷா உச்சத்தில் போய்த் தடுமாறுவதும் உண்டு. இத்தனைக்கும் அந்த அம்மாள் எல்விஸ் பிரெஸ்லியின் ஸ்டுடியோ பதிவுகளில் பின்னணி பாடியவர். மேடைச் சத்தத்தில் தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்பது அவர் பின்னாளில் சொன்ன காரணம். இந்தக் குறை உண்மையானதுதான், பூசி மெழுக மாட்டேன். சுற்றிக்கொண்டு போக வழி இருக்கிறது, சொல்கிறேன்.

நான்காவது வகையினருக்குக் குழுவிடம் புகார் இல்லை, ரசிகர்களிடம்தான். தேதி தேதியாக ஒப்பிக்கிற ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தால் எந்த இசையும் கசக்கும். இதற்கு ஒரே வைத்தியம், தனியாகக் கேட்பது.

இன்னும் சிலர் 1969 வுட்ஸ்டாக் விழாவில் இவர்கள் வாசித்ததைத் தேடிப் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்திருப்பார்கள். பாவம், அது குழுவினரே மோசம் என்று ஒப்புக்கொண்ட இரவு. மழையில் நனைந்த மேடை, எர்த்திங் சரியில்லை, கிட்டாரைத் தொட்டால் ஷாக் அடித்தது. அந்த நிலையில் ஒரே பாட்டை அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தார்கள். அதை வைத்து இவர்களை எடைபோட்டால் யாரும் தேற மாட்டார்கள்.

படி 2: ஷஃபிளை அணைத்துவிடுங்கள்

சின்ன விஷயம், ஆனால் பாதிப் பேர் இங்கேதான் தோற்கிறார்கள். இந்தக் குழு ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு நிறுத்தாமல் நகரும். அந்த நகர்வில்தான் பல நேரம் சிறந்த வாசிப்பு இருக்கும். உங்கள் செயலியில் பாட்டு வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிள் இருந்தால் அணையுங்கள். பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி விழாமல் இருக்கும் அமைப்பு இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். ஹெட்போன் வேண்டும். போனின் ஸ்பீக்கரில் பேஸ் கிட்டார் கேட்காது, பேஸ் கேட்காவிட்டால் இந்தக் குழுவில் பாதி போய்விட்டது என்று அர்த்தம்.

படி 3: 1970ஆம் வருடத்து இரண்டு ஆல்பங்களிலிருந்து தொடங்குங்கள்

ஸ்டுடியோ ஆல்பங்களை நம்பாதீர்கள் என்று சொல்லிவிட்டு அதிலிருந்தே தொடங்கச் சொல்வது முரணாகத் தெரியலாம். இந்த இரண்டும் விதிவிலக்கு. 'வொர்க்கிங்மேன்ஸ் டெட்' 1970 ஜூனில் வந்தது, 'அமெரிக்கன் பியூட்டி' அதே வருடம் நவம்பரில். அதற்கு முந்தைய ஸ்டுடியோ ஆல்பத்தில் ஒலிப்பதிவு நேரத்தைத் தண்ணீராகச் செலவழித்து, ரெக்கார்டு கம்பெனிக்குக் கடன்பட்டு நின்றார்கள். அதனால் இந்த முறை பாட்டுகளை முன்கூட்டியே பழகி, சிக்கனமாக, சீக்கிரமாக முடித்தார்கள். கடன் சில நேரம் நல்ல தயாரிப்பாளர்.

இதே வருடம்தான் குழுவின் மேலாளரும் டிரம்மர் மிக்கி ஹார்ட்டின் அப்பாவுமான லென்னி ஹார்ட் குழுவின் பணத்தைச் சுருட்டியது வெளியே வந்தது. குற்ற உணர்ச்சி தாங்காமல் மிக்கி 1971இல் குழுவை விட்டு விலகி, 1974 அக்டோபரில்தான் திரும்பினார். இதை நினைவில் வையுங்கள், படி 7இல் தேவைப்படும்.

இந்த ஆல்பங்களில் நீண்ட வாசிப்பு கிடையாது. பெரும்பாலும் மூன்று, நான்கு, ஐந்து நிமிடப் பாட்டுகள். மூன்று குரல்கள் சேர்ந்து பாடும் இடங்கள் நிறைய; அப்போது இவர்கள் சேர்ந்து பாடுவதற்குப் பேர்போன கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் மூவரோடும் பழக்கத்தில் இருந்தார்கள், அதன் தாக்கம் நன்றாகத் தெரியும். கார்சியா பெடல் ஸ்டீல் என்ற வாத்தியத்தை அப்போதுதான் பிடித்துப் பழகியிருந்தார். 'கேண்டிமேன்' பாட்டில் அது அழுவதைக் கேளுங்கள்.

வரிகளைக் கவனிக்க வேண்டிய இடமும் இதுதான். எழுதியவர் ராபர்ட் ஹன்ட்டர். மேடையேறாமலேயே குழுவின் உறுப்பினராகக் கருதப்பட்டவர். சூதாடிகள், ரயில் ஓட்டிகள், சுரங்கத் தொழிலாளர்கள், ஓடிப்போன கைதிகள் என்று பழைய அமெரிக்காவின் ஆட்களை வைத்து எழுதினார். 'ரிப்பிள்', 'புரோக்டவுன் பேலஸ்', 'டு லே மி டவுன்' மூன்றையும் 1970இல் லண்டனில் ஒரே பிற்பகலில் எழுதி முடித்தார். முதல் இரண்டும் 'அமெரிக்கன் பியூட்டி'யில் அடுத்தடுத்து வரும்.

அந்த ஆல்பத்தின் முதல் பாட்டு 'பாக்ஸ் ஆஃப் ரெய்ன்'. பேஸ் கிட்டார் வாசித்த ஃபில் லெஷ், சாகக் கிடந்த தன் அப்பாவுக்குப் பாடிக் காட்டுவதற்காக மெட்டுப் போட்டது. அப்பாவைப் பார்க்கக் காரில் போகும் வழியெல்லாம் அதைப் பாடிப் பழகினார். பெரிய பாடகர் இல்லை அவர். அந்தப் பாட்டுக்கு அந்தத் தயக்கமான குரலே போதும்.

இரண்டு ஆல்பங்களையும் வேலை நடுவே இரண்டு மூன்று தடவை ஓடவிடுங்கள், அவசரமில்லை. எந்தப் பாட்டும் வாயில் முணுமுணுக்க வரவில்லை என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், மேலே போய்ச் சிரமப்பட வேண்டாம். இந்தப் பாட்டுகள் மட்டும் பிடித்து, மேடை வாசிப்பு கடைசி வரை பிடிக்காமல் போகிறவர்களும் உண்டு. அதுவும் சரிதான்.

படி 4: ஒரே பாட்டை வருடம் வருடமாகப் பின்தொடருங்கள்

என் அபிப்பிராயத்தில் இந்த வழிகாட்டியின் உயிர்நாடி இதுதான். புதுப் பாட்டு, புதுக் கச்சேரி என்று தாவிக்கொண்டே இருந்தால் எல்லாம் ஒரே குழம்பாகத் தெரியும். ஒரு பாட்டை மட்டும் பிடித்துக்கொண்டு அதன் வெவ்வேறு வயதுகளைக் கேட்டால் இவர்கள் மேடையில் என்னதான் செய்கிறார்கள் என்று தானாகப் புரியும்.

நான் பரிந்துரைப்பது 'சைனா கேட் சன்ஃபிளவர்', அதோடு ஒட்டிக்கொண்டு வரும் 'ஐ நோ யூ ரைடர்'. முதலாவது ஹன்ட்டரும் கார்சியாவும் எழுதியது. இரண்டாவது யார் எழுதியது என்று தெரியாத பழைய நாட்டுப் பாட்டு. 1969 முதல் இரண்டையும் சேர்த்தே வாசித்தார்கள்.

முதலில் 1969இன் 'ஆக்ஸோமொக்ஸோவா' ஆல்பத்தில் உள்ள ஸ்டுடியோ வடிவத்தைக் கேளுங்கள். நான்கு நிமிடம்கூட இல்லை. சத்தங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடைத்து வைத்த மாதிரி இருக்கும். பிடிக்கவில்லையா? பரவாயில்லை, எனக்கும் பெரிதாகப் பிடிக்காது. தொடக்கம் எங்கே இருந்தது என்று தெரிந்தால் போதும்.

அடுத்தது 'யூரோப் '72'. 1972 ஏப்ரல், மே மாதங்களில் ஐரோப்பாவில் 22 கச்சேரிகள் செய்தார்கள்; அவற்றிலிருந்து எடுத்துக் கோத்த மூன்று இசைத்தட்டு ஆல்பம். இரண்டு பாட்டும் சேர்ந்து பத்து நிமிடத்துக்குச் சற்று மேல். இதை நின்று நிதானமாகக் கேட்க வேண்டும். தொடக்கத்திலேயே இரண்டு கிட்டார்கள் வேறு வேறு வேலை செய்கின்றன. கார்சியாவின் கிட்டார் துள்ளித் துள்ளி ஒரே சுற்றில் ஓடும். பாப் வியரின் கிட்டார் அதன் இடைவெளிகளில் புகுந்து புகுந்து வரும். ஒன்று மற்றதன் காலை மிதிக்காது. பாட்டு முடிந்ததும் நிற்க மாட்டார்கள். இப்போது வியர் முன்னே வருவார், ரிதம் வாசிக்கிறவர் கொஞ்ச நேரம் தலைமை ஏற்பார். கீழே லெஷ் தரையை மெல்ல மாற்றுவார். பிறகு கார்சியா மேலே ஏறுவார். எந்த நொடியில் முதல் பாட்டு தீர்ந்து இரண்டாவது தொடங்கியது என்று விரல் வைத்துச் சொல்லப் பாருங்கள். எல்லோரும் சேர்ந்து இரண்டாவது பாட்டைப் பாட ஆரம்பிக்கும்போதுதான் "அட, வந்துவிட்டோமா" என்று இருக்கும்.

குரல் பிடிக்காதவர்களுக்கு இந்த ஆல்பத்தில் ஒரு சௌகரியம்: ஊர் திரும்பியபின் ஸ்டுடியோவில் குரல்களைத் திரும்பப் பாடி ஒட்டினார்கள். சுத்தவாதிகள் இதைக் குறையாகச் சொல்வார்கள். மறுபடி கேட்க வந்திருக்கும் உங்களுக்கு இது வரம்.

மூன்றாவதாக, 1974 ஜூன் 26 பிராவிடன்ஸ் நகரக் கச்சேரி. பழைய கச்சேரிப் பதிவுகளை வெளியிட்ட 'டிக்ஸ் பிக்ஸ்' வரிசையின் 12ஆம் தொகுப்பில் இருக்கிறது. இங்கே இரண்டு பாட்டுக்கும் நடுவிலுள்ள பாலம் தனியாக ஒரு இசையாகவே வளர்ந்துவிட்டது. கடைசியாக 1990இல் வந்த 'வித்தவுட் எ நெட்'. குரல் முதிர்ந்திருக்கும், கீபோர்டு பளபளவென்று இருக்கும், வேகமும் நிதானமும் வேறு. நான்கையும் கேட்டு முடித்தபிறகு எது உங்களுக்குப் பிடித்தது என்று கேட்டால் பதில் சொல்ல வரும். வந்துவிட்டால், நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள்.

இந்த முறை வேறு பாட்டுகளுக்கும் செல்லும். 'டார்க் ஸ்டார்' 1968இல் தனிப்பாட்டாக வந்தபோது மூன்று நிமிடத்துக்கும் குறைவு, படுதோல்வி. அடுத்த வருடம் 'லைவ்/டெட்' ஆல்பத்தில் அதுவே 23 நிமிடம். 'ப்ளேயிங் இன் த பேண்ட்' 1971 ஆல்பத்தில் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 1974 மே 21 சியாட்டிலில் 46 நிமிடம் வாசித்தார்கள். அந்த 46 நிமிடத்தை முதலில் எடுத்துவிடாதீர்கள். அதைக் காட்டித்தான் பல பேரை விரட்டியிருக்கிறார்கள்.

படி 5: ஒரு முழுக் கச்சேரி, ஆனால் பின்பாதியிலிருந்து

1977 மே 8, நியூயார்க் மாநிலம், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். எல்லோரும் இதையே சொல்கிறார்களே என்று சலிப்பாக இருக்கலாம். சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதலாவது ஒலித்தரம். குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்ட்டர்-ஜாக்சன் செய்த பதிவு இது. அவருடைய நாடாக்கள், வாடகை கட்டாத சேமிப்புக் கிடங்கிலிருந்து 1986இல் ஏலத்தில் போய், ரசிகர்கள் கைக்கு வந்து, படியெடுத்துப் படியெடுத்துப் பரவின. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் இந்தக் கச்சேரியைச் சேர்த்துவிட்டது. முறையான வெளியீடு 2017இல்தான் வந்தது.

இதுதான் இவர்களின் மிகச் சிறந்த இரவா என்று கேட்டால், இல்லை என்பேன். வாதம் செய்ய நிறையப் பேர் வருவார்கள். ஆனால் முதன்முதலாகக் கேட்க இதைவிட வசதியான இரவு இல்லை: சுருதி சுத்தம், வேகம் சீராக இருக்கிறது, யாரும் உறங்கி வழியவில்லை.

முதல் பாதியை இப்போதைக்கு விடுங்கள். இரண்டாம் பாதியில் 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' தொடங்கும் இடத்தில் போடுங்கள். அதிலிருந்து நிற்காமல் 'ஃபயர் ஆன் த மவுன்டன்'. இரண்டும் சேர்ந்து 25 நிமிடத்துக்குச் சற்று மேல். இரண்டாவது பாட்டில் மொத்தமே இரண்டு கார்டுகள்தான் (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு), அவையே மாறி மாறி வந்துகொண்டிருக்கும். அதன்மேல் கார்சியா மூன்று தடவை தனியாக வாசிக்கிறார். ஒவ்வொரு தடவையும் இன்னொரு படி மேலே ஏறிவிட்டு இறங்குகிறார். ராக ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதாக இருக்காது. நான்கைந்து ஸ்வரங்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி, தார ஸட்ஜத்தைத் தொடாமல் ஆசை காட்டிக் காட்டி, கடைசியில் போய் நிற்கிற வித்வானை நமக்குத் தெரியும். கார்சியாவின் பொறுமை அந்த ரகம்.

அப்புறம் கடைசியில் 'மார்னிங் ட்யூ'. பானி டாப்சன் எழுதிய பாட்டு, அணுகுண்டு விழுந்தபின் மிச்சமிருக்கும் இருவர் பேசிக்கொள்வது. முணுமுணுப்பாகத் தொடங்கும். பாட்டு முடிந்தபின் கிட்டார் தனியே நடக்கும், அடங்கும், திரும்ப எழும். கடைசி இரண்டு நிமிடத்தில் கார்சியா தந்திகளை விரல் தெறிக்கிற வேகத்தில் மீட்டிக்கொண்டே போக, மற்றவர்கள் பின்னாலேயே ஏறி வருவார்கள். நாலு வயதில், விறகு வெட்டும்போது அண்ணன் கோடரியால் வலது நடுவிரலின் பெரும்பகுதியை இழந்தவர் வாசிப்பது இது.

படி 6: ஒவ்வொரு வாத்தியமாகக் காது கொடுங்கள்

மேலே சொன்ன 25 நிமிடத்தையே திரும்பப் போடுங்கள். இந்தத் தடவை பேஸ் மட்டும்.

ஃபில் லெஷ் குழுவில் சேர்வதற்கு முன் பேஸ் கிட்டாரைத் தொட்டவரே இல்லை. டிரம்பெட் வாசித்தவர், லூசியானோ பெரியோ என்ற இத்தாலிய நவீன இசையமைப்பாளரிடம் மில்ஸ் கல்லூரியில் பாடம் கேட்டவர். அதனால் ராக் இசையில் பேஸ் செய்யும் வழக்கமான வேலையை, ஒரே ஸ்வரத்தைத் தட்டித் தட்டித் தாளம் பிடிப்பதை, அவர் செய்வதே இல்லை. கார்சியாவுக்கு எதிர்ப் பாட்டுப் பாடிக்கொண்டே போவார். எங்கேயும் போய்ச் சேராத மாதிரி முன்பு தோன்றிய இடங்களைப் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள், வழி தெரியும்.

அடுத்த தடவை வியர். பியானோ கலைஞர் மெக்காய் டைனரின் இடது கையைக் கேட்டுக் கேட்டு ரிதம் கிட்டார் பழகியவர். தனியாகக் கேட்டால் விநோதமாக, முழுமையில்லாமல் தெரியும். கார்சியாவோடு சேர்த்தால்தான் பொருந்தும்.

பிறகு இரண்டு டிரம்மர்கள். பில் க்ரூட்ஸ்மன் ஆற்றொழுக்காக வாசிப்பார், மிக்கி ஹார்ட் குறுக்கே கோலம் போடுவார். மிக்கி, தபலா மேதை அல்லா ரக்காவிடம் லயக் கணக்குக் கற்றவர். அந்தக் கணக்கு பாட்டுகளில் வெளிப்படையாகவே தெரியும்: 'தி இலெவன்' பதினொரு எண்ணிக்கை, 'ப்ளேயிங் இன் த பேண்ட்' பத்து, 'எஸ்டிமேட்டட் பிராஃபெட்' ஏழு. கார்னெல் கச்சேரியில் 'ஃபயர்' முடிந்ததும் வருவது இந்த ஏழுதான். தொடையில் தட்டிப் பாருங்கள்.

இந்த வழியில் நமக்கு நெருங்கிய ஒரு கிளையும் இருக்கிறது. அல்லா ரக்காவின் மகன் ஜாகிர் உசேனும் மிக்கியும் சேர்ந்து 1976இல் 'டிகா ரிதம் பேண்ட்' ஆல்பம் செய்தார்கள், அதில் கார்சியாவும் வாசித்திருக்கிறார். 1991இல் மிக்கியின் 'பிளானட் டிரம்' ஆல்பத்தில் ஜாகிரோடு கடம் விக்கு விநாயக்ராமும் உண்டு. உலக இசை ஆல்பத்துக்கென்று கிராமி விருது முதன்முதலாகத் தரப்பட்டபோது வாங்கியது அதுதான். ஜாகிரும் விக்குவும் வாசித்த சக்தி குழுவைக் கேட்டு வளர்ந்தவர்கள் கிரேட்ஃபுல் டெட் வீட்டுக்குள் இந்தப் பக்கவாசல் வழியாகவும் வரலாம்.

தனி ஆவர்த்தனம் போல டிரம்மர்கள் மட்டும் வாசிப்பதும், அதைத் தொடர்ந்து தாளமே இல்லாமல் சத்தங்களோடு அலைவதும் 1978 வாக்கில் இரண்டாம் பாதியின் நிரந்தர அங்கமாகிவிட்டன. பட்டியலில் 'டிரம்ஸ்', 'ஸ்பேஸ்' என்று போட்டிருக்கும். தாராளமாகத் தாண்டிப் போங்கள். நேரில் கேட்டவர்களிலேயே பலர் அந்த நேரத்தில் கழிப்பறைக்குப் போனவர்கள்தான்.

படி 7: உங்கள் காலகட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

1968 முதல் 1970 வரை: காட்டுத்தனம், ப்ளூஸ், தொடக்ககால உறுப்பினர் பிக்பென்னின் குரலும் ஆர்கனும். 'லைவ்/டெட்' இதற்குச் சாட்சி. பிக்பென் 1973இல் 27 வயதில் இறந்துபோனார்.

1972 முதல் 1974 வரை: மிக்கி விலகியிருந்த காலம், ஒரே டிரம்மர். ஆள் குறைந்ததால் குழுவின் கால் லேசாகி, சட்டென்று திரும்ப முடிந்தது. கீத் காட்ஷாவின் பியானோவும் சேர்ந்து ஜாஸ் பக்கம் சாய்ந்தார்கள். என் ஓட்டு இதற்குத்தான். 1972 ஆகஸ்ட் 27, ஓரிகன் மாநிலம் வெனிட்டாவில் ஒரு பால்பண்ணைக்கு நிதி திரட்ட வாசித்த கச்சேரி இருக்கிறது. வெயிலில் கிட்டார்களின் சுருதி இறங்கிக்கொண்டே இருந்தது, ஆனாலும் அந்த 'டார்க் ஸ்டார்' எங்கேயோ போகிறது. 1974இல் 'ஒலிச்சுவர்' என்று ஒரு ஸ்பீக்கர் கட்டடத்தையே ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள், கிட்டத்தட்ட 600 ஸ்பீக்கர்கள், 75 டன். கட்டுப்படியாகவில்லை. வருடக் கடைசியில் ஓய்வு அறிவித்தார்கள்.

1976 முதல் 1978 வரை: மிக்கி திரும்பியாயிற்று, அடி கனம், நடனத்துக்கு ஏற்ற வேகம். 1980களின் நடுப்பகுதி ஏற்ற இறக்கம். 1986இல் கார்சியா நீரிழிவால் கோமாவில் விழுந்து, எழுந்து, கிட்டாரை முதலிலிருந்து பழக வேண்டியிருந்தது. 1989, 1990 மறுபடி நல்ல காலம். 1990 மார்ச் 29 அன்று சாக்ஸபோன் கலைஞர் பிரான்ஃபோர்ட் மார்சாலிஸ் விருந்தாளியாக வந்து வாசித்த 'ஐஸ் ஆஃப் த வேர்ல்ட்' ஜாஸ் பிரியர்களுக்குத் தனி வாசல். அதே வருடம் ஜூலையில் கீபோர்டு கலைஞர் ப்ரென்ட் மிட்லண்ட் இறந்ததோடு அது முடிந்தது. 1994, 1995 கச்சேரிகளை விட்டுவிடுங்கள். கார்சியாவின் உடல் ஒத்துழைக்காத காலம். 1995 ஆகஸ்ட் 9இல் 53 வயதில் போய்விட்டார். அஸ்தியில் ஒரு பங்கு ரிஷிகேஷில் கங்கையில் கரைக்கப்பட்டது.

படி 8: பதிவுகளை எங்கே எடுப்பது

ரசிகர்கள் கச்சேரியைப் பதிவு செய்வதை இவர்கள் தடுக்கவில்லை. 1984இல் அதற்கென்றே அரங்கில் தனி இடம் ஒதுக்கினார்கள். விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அதனால்தான் இணைய ஆவணக் காப்பகத்தில் ஆயிரக்கணக்கான பதிவுகள் இலவசமாகக் கேட்கக் கிடைக்கின்றன. அங்கே இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். 'சவுண்ட்போர்டு' என்றால் ஒலிப் பலகையிலிருந்து நேராக எடுத்தது: தெளிவு, ஆனால் சில நேரம் வறட்டு. 'ஆடியன்ஸ்' என்றால் கூட்டத்தில் மைக் நீட்டி எடுத்தது: அரங்கின் உணர்வு வரும், கூடவே பக்கத்து ஆளின் விசிலும் வரும். தொடக்கத்தில் சவுண்ட்போர்டு போதும். இன்னும் வசதி வேண்டுமென்றால் முறையாக வெளியான வரிசைகள்: 1993 முதல் 2005 வரை வந்த 'டிக்ஸ் பிக்ஸ்' 36 தொகுப்புகள், 2012இலிருந்து வந்துகொண்டிருக்கும் 'டேவ்ஸ் பிக்ஸ்'.

ரசிகர் எவரிடமும் "எதைக் கேட்கலாம்?" என்று கேட்டுவிடாதீர்கள். பதினைந்து தேதிகள் வரும், பதினைந்தும் வேறு வேறாக இருக்கும்.

படி 9: எங்கே நிறுத்துவது

இரண்டாவது வாய்ப்புக்கும் ஒரு கெடு வேண்டும். 1970 ஆல்பங்கள், 'சைனா கேட்' நான்கு வடிவங்கள், கார்னெல் இரண்டாம் பாதி. இவ்வளவும் கேட்டு, பேஸைத் தனியாகப் பிடித்தும் பார்த்து, இன்னும் கை கடிகாரத்தையே தேடுகிறது என்றால் விட்டுவிடுங்கள். இந்த முறை எதை ஒதுக்குகிறோம் என்று தெரிந்து ஒதுக்குகிறீர்கள். பாட்டுகள் பிடித்து, மேடைதான் பிடிக்கவில்லை என்றால், கார்சியா பாஞ்சோ வாசித்த 'ஓல்ட் அண்ட் இன் த வே' என்ற புளூகிராஸ் (அமெரிக்க நாட்டுப்புற இசை வகை) குழுவின் 1975 ஆல்பத்தை எடுத்துக்கொண்டு நிம்மதியாக வெளியேறலாம்.

கார்னெல் பிடித்துப்போனவர்கள் ரொம்ப தூரம் தேட வேண்டாம். அதற்கு மறுநாள், 1977 மே 9, பஃபலோவில் வாசித்தார்கள். எடுத்த எடுப்பில் 'ஹெல்ப் ஆன் த வே', 'ஸ்லிப்நாட்', 'ஃபிராங்க்ளின்ஸ் டவர்' மூன்றும் நிற்காமல் வரும். கார்னெலைவிட இதுதான் உசத்தி என்று சொல்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. இந்தக் கச்சேரியை முதல் பாதியிலிருந்தே கேளுங்கள்.